பணி முடிந்தபின் கால் மணி நேரம்



பள்ளிக்கூடத்தில் ஐந்து பிள்ளைகளை ஒரு குழுவாகச் சேர்த்து ஒரு பணியைக் கொடுக்கிறார்கள். அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி ஒன்று செய்து வர வேண்டும். அல்லது ஊரின் நீர்நிலைகளைப் பற்றித் தகவல் திரட்டி, அட்டையில் எழுதிக் கொண்டுவர வேண்டும். இரண்டு வாரத் தவணை. முதல் வாரம் பேச்சிலேயே கழிகிறது. இரண்டாம் வாரத்தின் கடைசி இரவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. அங்கே ஒரு பெண் பிள்ளை தெர்மாகோல் வெட்டிக் கொண்டிருக்கிறாள். அவளுடைய தாயார் பசை தடவிக் கொடுக்கிறார். தந்தையார், காலையில் கடை திறக்க வேண்டுமே என்ற கவலையுடன் எழுத்துப் பிழை பார்க்கிறார். விடிந்ததும் அட்டையின் அடியில் ஐந்து பெயர்கள் அழகாக எழுதப்படுகின்றன. மதிப்பெண்ணோ ஐவருக்கும் ஒன்றே!

அன்று மாலை அந்த வீட்டில் என்ன பேசப்படும் என்பதை நாம் அறிவோம். "இனிமேல் யாரோடும் சேராதே. உன் வேலையை நீயே பார்த்துக்கொள்." பெற்றோரின் வேதனையில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? பிறரை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதைக் கற்றுக்கொண்டாள். மற்ற நால்வரும் கற்றுக்கொண்டது என்ன? பிறர் உழைப்பில் தம் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பதைக் கற்றுக்கொண்டார்கள். நீர்நிலைகளைப் பற்றிய பாடம் ஒரு மாதத்தில் மறந்துவிடும். இந்த இரண்டு பாடங்களும் மறப்பதில்லை.

இது சிறுபிள்ளைகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இவர்களே நாளை கூட்டு வியாபாரம் தொடங்குகிறார்கள். இவர்களே மஹல்லா நிர்வாகத்தில் அமர்கிறார்கள். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய கடை பத்தாண்டு கழித்துப் பிரியும்போது விசாரித்துப் பாருங்கள். பண மோசடி நடந்திருக்காது. "நான்தான் எல்லாம் செய்தேன், அவர் என்ன செய்தார்?" என்ற ஒரு கேள்வி, கேட்கப்பட வேண்டிய காலத்தில் கேட்கப்படாமல் உள்ளேயே புகைந்து, கடைசியில் தீயாகப் பற்றியிருக்கும்.

குழுவாகச் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் ஒற்றுமையைத் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். ஒரே தவறைப் பத்து முறை சேர்ந்து செய்தால் அந்தத் தவறே பழக்கமாகிவிடும். ஒரு குழு சீர்பட வேண்டுமானால், பணி முடிந்ததும் எழுந்துவிடாமல், 'நாம் எப்படிச் சேர்ந்து பணியாற்றினோம்?' என்று கால் மணி நேரமேனும் அமர்ந்து பார்க்க வேண்டும். இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

கயிறு இழுத்தவர்களின் கணக்கு

பிரான்ஸ் நாட்டில் மாக்ஸிமிலியன் ரிங்கல்மன் என்ற வேளாண்மைப் பொறியாளர் இருந்தார். குதிரை, மாடு, மனிதர், இயந்திரம் ஆகியவற்றின் உழைப்புத் திறனை அளந்து பார்ப்பது அவருடைய பணி. 1880களில் அவர் மனிதர்களைத் தனியாகவும் கூட்டமாகவும் இழுக்கச் செய்து விசையை அளந்தார். அந்த ஆய்வு 1913ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆட்கள் கூடக் கூட மொத்த விசை கூடியது. ஆனால், ஒவ்வொருவரின் பங்கும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கக்கூடியதில் ஏறத்தாழப் பாதியளவே இழுத்ததாக அவருடைய கணக்குக் காட்டியது.

இதற்குக் காரணம் சோம்பல்தானா? ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுக்கத் தெரியாமையும் காரணமாகலாம் அல்லவா? இதைப் பிரித்தறிய 1979இல் அமெரிக்காவில் பிப் லட்டானே, கிப்லிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் என்ற மூவர் வேறொரு சோதனை செய்தனர். மாணவர்களின் கண்களைக் கட்டி, காதுகளையும் மூடி, பிறரோடு சேர்ந்து உரக்கச் சத்தமிடுவதாக நம்பச் செய்தனர். உண்மையில் சில வேளைகளில் அவர்கள் தனியாகவே சத்தமிட்டார்கள். அப்போதும், கூட்டத்தில் இருக்கிறோம் என்ற எண்ணம் ஒன்றே அவர்களின் முயற்சியைக் குறைத்துவிட்டது. ஆகவே, குறைவுக்கு இரு காரணங்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. ஒன்று, ஒத்திசைவு இன்மை. மற்றொன்று, முயற்சித் தளர்வு.

அதே ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் பயன்படும். ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று சொல்லப்பட்டபோது, கூட்டத்தில் இருந்தும் அந்தத் தளர்வு நீங்கிவிட்டது. இதிலிருந்து நாம் என்ன விளங்கிக்கொள்கிறோம்? குழுவில் வேலை செய்யாத பிள்ளை எப்போதும் கெட்ட பிள்ளை அன்று. தன் பங்கு எது என்று அவனுக்குத் தெரியவில்லை. செய்தாலும் செய்யாவிட்டாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. அவனை 'சோம்பேறி' என்று ஏசுவதைவிட, அவனுடைய பங்கைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துக் கொடுப்பதே சரியான மருந்து.

நூற்றைத் தாண்டும் பங்கு

'யார் அதிகம் உழைத்தது?' என்று விசாரித்தால் உண்மை வெளிவரும் என்று சிலர் கருதுவர். வெளிவராது. கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள்: "வீட்டுக் காரியங்களில் உங்கள் பங்கு எவ்வளவு?" சமையல், துப்புரவு, குழந்தைகளைக் கவனித்தல் என்று பல காரியங்களைப் பற்றியும் கேட்டார்கள். பெரும்பாலான தம்பதியரில், இருவரும் சொன்ன பங்குகளைக் கூட்டினால் நூற்றுக்கு நூறைத் தாண்டிவிட்டது!

அவர்கள் பொய் சொல்லவில்லை. தான் பட்ட பாடு அவரவர் நினைவில் நிற்கிறது. மற்றவர் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கமாட்டோம், பார்த்திருந்தாலும் மறந்திருப்போம். கடைகடையாக ஏறி இறங்கி அட்டை வாங்கிய பையனுக்கு அந்த வெயில் நினைவிருக்கிறது. அட்டையில் எழுதியவளுக்கு அந்த இரவு நினைவிருக்கிறது. இருவரையும் நிறுத்தி, 'யார் அதிகம்?' என்று கேட்டால் சண்டைதான் வரும். 'உன் தோழி செய்தவற்றுள் உனக்கு உதவியாக இருந்தது எது?' என்று கேட்டுப் பாருங்கள். இருவர் கண்களும் திறக்கும்.

பேசாத பிள்ளை

குழுவில் மற்றொரு பிள்ளையும் உண்டு. அவன் வேலைக்கு அஞ்சுபவன் அல்லன், பேசுவதற்கு அஞ்சுபவன். ஒருமுறை வாய் திறந்தபோது மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். அதன்பின் அவன் வாயே திறப்பதில்லை.

1971இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை பிரித்து வைக்கப்பட்டிருந்த வெள்ளையர், கறுப்பர், மெக்ஸிக வம்சாவழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பறைகளில் அமர்த்தப்பட்டனர். பகையும் கைகலப்பும் மூண்டன. உதவிக்கு அழைக்கப்பட்ட எலியட் அரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு வழி கண்டார். ஒரு பாடத்தைப் பல துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். அவரவர் துண்டை அவரவரே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். முழுப் பாடத்திலும் தேர்வு உண்டு.

ஒரு குழுவில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத சிறுவன் ஒருவன் தன் பகுதியைச் சொல்ல இயலாமல் தடுமாறினான். மற்றவர்கள் கேலி செய்தனர். அங்கிருந்த ஆய்வாளர் அவர்களைக் கண்டிக்கவில்லை. கேலி உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், அவனுக்கு மட்டும் தெரிந்த அந்தப் பகுதியை நீங்கள் கற்க அது உதவாது, தேர்வோ நெருங்கிவிட்டது என்று மட்டும் நினைவூட்டினார். பிள்ளைகள் யோசித்தார்கள். கேலியை விட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். நல்ல கேள்விகள் வந்தபோது அந்தச் சிறுவனிடமிருந்து பதில்களும் வந்தன. நாள் செல்லச் செல்ல, அவன் தாங்கள் நினைத்ததைவிட அறிவுள்ளவன் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். அரன்சன் தம் எழுத்துகளில் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது.

அந்தப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தாங்கள் நடந்துகொள்ளும் முறை தங்கள் நோக்கத்திற்கு உதவுகிறதா என்று அவர்களே பார்க்கும்படி செய்யப்பட்டது. அவ்வளவுதான்.

ஒரு தக்ரார் வட்டம்

தக்ரார் என்பது நம் மத்ரஸாக்களில் வழக்கமான ஒன்று. உஸ்தாத் நடத்திய பாடத்தை மாணவர்கள் வட்டமாக அமர்ந்து மீண்டும் ஓதிப் பார்ப்பார்கள். ஒருவர் உஸ்தாதைப் போலவே எடுத்துரைக்க, மற்றவர்கள் கேட்டுச் சரிபார்ப்பார்கள். குழுவாகக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழி அரிது. எனினும், இதிலும் துரு ஏறுவதுண்டு.

ஐவர் கொண்ட ஒரு வட்டத்தில் கூர்மையான மாணவர் ஒருவரே ஒவ்வோர் இரவும் பாடத்தை எடுத்துரைத்து வந்தார். மற்ற நால்வரும் தலையாட்டிக் கொண்டிருந்தனர். அவர் ஊருக்குச் சென்ற ஒரு வாரம் தக்ராரே நடைபெறவில்லை. அவர் திரும்பியதும் ஐவரையும் அமர்த்தி, "இந்த வட்டம் எப்படி நடக்கிறது?" என்று மட்டும் கேட்கப்பட்டது. எடுத்துரைப்பவர் சொன்னார்: "எனக்குக் களைப்பாக இருக்கிறது. வேறு யாரேனும் சொன்னால் நான் பிழைகளைக் கவனிப்பேன். ஆனால், யாரும் முன்வருவதில்லை." மற்றவர்கள் சொன்னார்கள்: "நாங்கள் கேட்டால் அவர் மனம் வருந்துவார் என்று நினைத்தோம்." பல மாதங்கள் ஒரே பாயில் அமர்ந்தவர்கள் ஒருவர் மனத்தை ஒருவர் தவறாகவே விளங்கியிருந்தார்கள்!

இரவுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம் எளிதாக இருக்கவில்லை. இஃராபில் தடுமாறினார்கள், நேரமும் இருமடங்கு ஆயிற்று. வார இறுதியில் மீண்டும் அமர்ந்தபோது காரணம் புலப்பட்டது. 'இன்று யார்?' என்பது அந்த நேரத்தில்தான் முடிவாகிக்கொண்டிருந்தது. நாளை யார் என்று இன்றே சொல்லிவிட்டால் அவர் ஆயத்தமாக வரலாமே! இப்படி, ஒரு முறை அமர்ந்ததில் ஒரு குறை தெரிந்தது. மறுமுறை அமர்ந்ததில் அதன் மருந்திலிருந்த குறையும் தெரிந்தது. குழுக்கள் சீர்படுவது இவ்வாறுதான்.

எப்படி அமர்வது?

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற உடன்பிறந்த சகோதரர்கள், மாணவர்கள் குழுவாகக் கற்பதைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தனர். நல்ல குழுக்கல்விக்கு இன்றியமையாத ஐந்து கூறுகளை அவர்கள் வகுத்தனர். அவற்றுள் ஒன்று, குழு தன் செயல்முறையைத் தானே ஆராய்ந்து பார்த்தல். அவர்கள் வேறிருவருடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், தனியாகக் கற்றவர்களைவிடக் குழுவாகக் கற்றவர்கள் நன்கு தேறினர். குழுவாகக் கற்றதோடு தங்கள் செயல்முறையையும் பேசிப் பார்த்தவர்கள் அவர்களைவிடவும் நன்கு தேறினர்.

இதைச் செய்வதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு பாய், ஒரு நோட்டு, கால் மணி நேரம். அவ்வளவே.

முதலாவது, காலம். பணி முழுவதும் முடிந்தபின் மட்டும் அமர்ந்தால், தெரிந்த குறையைத் திருத்த வாய்ப்பிருக்காது. எனவே, பாதி வழியில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் அமர வேண்டும். சண்டை மூண்டிருக்கும் நேரத்தில் அமரக்கூடாது. சூடு தணியட்டும்.

இரண்டாவது, எழுதிய பின் பேசுதல். ஒவ்வொருவரும் முதலில் இரண்டு நிமிடம் தாமாக எழுத வேண்டும். எழுதாமல் பேசத் தொடங்கினால், முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். வயதில் சிறியவரோ, குறைவாகப் பேசுபவரோ முதலில் வாசிக்கட்டும். தலைமை வகித்தவர் கடைசியில் வாசிக்கட்டும்.

மூன்றாவது, கேள்விகள். மூன்று போதும். ஒன்று: இந்தப் பணியில் நம்முள் மற்றொருவர் செய்த எந்தச் செயல் நமக்கு உதவியது? இரண்டு: எந்த இடத்தில் நாம் சிக்கிக்கொண்டோம்? மூன்று: அடுத்த முறை எந்த ஒன்றை மாற்றிச் செய்வோம்? நல்லதை முதலில் கேட்பது வெறும் முகமனுக்காக அன்று. எது பயன்பட்டது என்று தெரிந்தால்தான் அதை மீண்டும் செய்ய முடியும்.

நான்காவது, பேசும் முறை. ஆளைப் பற்றிப் பேசாமல் நிகழ்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். 'நீ பொறுப்பில்லாதவன்' என்றால் அவன் தற்காப்பில் இறங்குவான். 'செவ்வாய்க்கிழமை படங்கள் வந்து சேரவில்லை; அதனால் மறுநாள் எழுதும் வேலை நின்றது' என்றால், அவனும் சேர்ந்து யோசிப்பான். ஒருவேளை படங்களைக் கேட்டதே அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஐந்தாவது, முடிவு. 'இனி ஒற்றுமையாக இருப்போம்' என்பது முடிவு அன்று. அது ஓர் ஆசை. 'வியாழன் மாலைக்குள் அவரவர் பகுதியை இன்னாரிடம் ஒப்படைப்போம்' என்பதே முடிவு. ஒரே ஒரு முடிவு போதும். அதை நோட்டில் எழுதி, பொறுப்பாளர் பெயரையும் நாளையும் குறிக்க வேண்டும். அடுத்த அமர்வு அந்த வரியை வாசிப்பதில் தொடங்க வேண்டும். இது நடைபெறாவிட்டால், அமர்வு வெறும் பேச்சாகிவிடும். பிள்ளைகள் விரைவில் சலித்துப்போவார்கள்.

இப்படி அமரும்போது வழக்கமாகச் சில உண்மைகள் வெளிவரும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு பெண் பிள்ளை எப்போதும் எழுதுபவளாகவே இருப்பாள். யோசனை சொல்லும்படி அவளை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பொருள் வாங்கும் செலவு எப்போதும் ஒருவன் வீட்டின் மீதே விழும். வீடு தொலைவில் இருப்பதால் ஒருவன் வர இயலாதிருப்பான். 'அவனுக்கு அக்கறை இல்லை' என்று மற்றவர்கள் தீர்மானித்திருப்பார்கள். இவை எல்லாம் எளிதில் தீரக்கூடியவை. வாய்விட்டுச் சொல்லப்படும்வரை மட்டும் தீராதவை!

ஆசிரியருக்கும் பெற்றோருக்கும்

ஆசிரியர் இந்த அமர்வில் நீதிபதியாக வீற்றிருக்கக்கூடாது. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். ஒரு நிமிட மௌனம் நமக்கு நீளமாகத் தோன்றும். அந்த மௌனத்தின் முடிவில்தான் பேசாத பிள்ளை பேசும். அங்கே ஒளிவின்றிச் சொன்னதைக் கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்தால், அடுத்த முறை உண்மை வெளிவராது. அதேவேளையில், அவரவர் பங்குக்கெனத் தனி மதிப்பெண் ஒன்று இருக்க வேண்டும். ஐவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மதிப்பெண் கொடுப்பது நியாயமுமன்று. கயிறு இழுத்தவர்களின் கணக்கு நமக்குச் சொல்வதற்கு மாறானதும்கூட.

எல்லாவற்றையும் இந்த வட்டத்தில் தீர்த்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைத் தொடர்ந்து துன்புறுத்துகிறது, மிரட்டுகிறது என்றால், அதை எல்லோர் முன்னிலையிலும் பேசவைப்பது பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டாவது தண்டனையாகிவிடும். அதைப் பெரியவர்கள் தனியே விசாரித்துத் தீர்க்க வேண்டும்.

பெற்றோர்களே! கடைசி இரவில் பசை தடவிக் கொடுக்க அமர்வதற்கு முன், சில நாள்கள் முந்தியே உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: "உங்கள் குழுவில் யாருக்கு எந்தப் பகுதி? அவர்களுக்கு அது தெரியுமா?" பிள்ளை முறையிட்டு வந்தால், மற்ற வீட்டாரைக் குறைகூற விரையாதீர்கள். "நீ அவர்களிடம் இதைச் சொன்னாயா? என்ன வார்த்தைகளில் சொன்னாய்?" என்று கேளுங்கள். அந்த மாதிரி சற்றுக் கோணலாக அமைந்தாலும் பரவாயில்லை. ஐந்து பிள்ளைகள் சேர்ந்து செய்த கோணல், ஒரு வீட்டார் செய்த நேர்த்தியைவிட மேலானது.

தன்னைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்ல மனிதனின் பண்பு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கலந்து பேசி முடிவெடுக்கும் மஷூராவின் சிறப்பையும் சொல்கிறோம். இந்த இரண்டும் சேரும் இடம்தான் இந்தக் கால் மணி நேரம். பத்து வயதில் ஒரு பிள்ளை, 'எனக்கு உதவி தேவைப்பட்டது, ஆனால் நான் கேட்கவில்லை' என்று தோழர்கள் முன்னால் தயக்கமின்றிச் சொல்லப் பழகிவிட்டால், நாற்பது வயதில் தன் பங்காளியிடமும் உடன்பிறந்தாரிடமும் அதையே சொல்ல அவனுக்கு நா எழும். அப்போது ஒரு கடை பிரியாமல் நிற்கும். ஒரு குடும்பம் உடையாமல் நிற்கும்.

உங்கள் பிள்ளையின் அடுத்த குழுப்பணி எப்போது என்று இன்றே கேட்டு வையுங்கள்.